மேசைக்கணினியில் மருத்துவக் கையேட்டுச் செயலி: எமுலேட்டரா, உலாவியா, கம்பி இணைப்பா?

ஓ.பி. நேரத்தில் மருத்துவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தால், எதிரே அமர்ந்திருப்பவர்கள் அதை வாட்ஸ்அப் என்றே எண்ணுகிறார்கள். சிறுநீரகச் செயல்பாடு குறைந்த ஒரு முதியவருக்கு ஆன்டிபயாட்டிக்கின் டோஸை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, அவருடைய மகள், "டாக்டர், முதல்ல அப்பாவைப் பாத்துடுங்களேன்" என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆதம்பாக்கத்தில் உள்ள எங்கள் சிறிய கிளினிக்கில் மருந்துச் சீட்டு எழுதும் மென்பொருள் மேசைக்கணினிக்கு வந்துவிட்ட பிறகு, கையேடு மட்டும் ஆறு அங்குலத் திரையில் தங்கியிருந்தது; ஐம்பது வயதைக் கடந்த என் கண்களுக்கு அந்தத் திரையின் எழுத்துகளும் சிறியவையாகிவிட்டன. மாலை நேரத்தில் அதே அறையில் அமரும் குழந்தை மருத்துவருக்கும் இதே குறை இருந்தது. எனவே கைப்பேசிக்கென எழுதப்பட்ட மருத்துவக் கையேட்டுச் செயலியை மேசைக்கணினியின் பெரிய திரைக்குக் கொண்டுவர என்னென்ன வழிகள் உள்ளன என்று இருவருமாகச் சில மாதங்கள் முயன்று பார்த்தோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று அந்த அனுபவத்தை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

வழிகளை எடைபோடுவதற்கு முன், செயலியிடம் நாம் உண்மையில் கேட்பது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. என்னுடைய பயன்பாட்டில் மூன்று வேலைகள் இருந்தன: ஒரு நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ படிப்பது, இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும்போது அவற்றுக்கிடையே இடைவினை உண்டா (ஒன்றின் வேலையை மற்றொன்று பாதிக்கிறதா) என்று பார்ப்பது, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் போன்ற கணக்குகளைப் போடுவது. இம்மூன்றில் எதற்குமே செயலி என்ற வடிவம் கட்டாயமில்லை. கையேடுகளைச் செயலியாகவே பார்த்துப் பழகிவிட்டதால் அதற்கு வேறு வாசல் இருப்பதையே நாம் மறந்துவிடுகிறோம்.

அந்த வேறு வாசல் இணைய உலாவி. எம்.எஸ்.டி. மேனுவல், 1899ஆம் ஆண்டில் சிறு கைநூலாக வெளிவந்து இன்று வரை தொடரும் கையேடு. மருத்துவர்களுக்கான அதன் பதிப்பு முழுவதையும் பதிவு எதுவும் செய்யாமலேயே உலாவியில் இலவசமாகப் படிக்கலாம். மெட்ஸ்கேப் என்ற மருத்துவத் தளம் இலவசப் பதிவு ஒன்றை மட்டும் கேட்கிறது. மருந்து இடைவினைச் சோதனையும் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. நோயாளியின் நிலையை மதிப்பெண்ணாகக் கணிக்கும் கணக்குகளுக்குப் பெயர்பெற்ற எம்.டி.கால்க், 2005இல் இணையதளமாகத் தொடங்கிப் பின்னரே செயலியானது. அப்டுடேட் என்ற கட்டணக் கையேட்டுக்குச் சந்தா வைத்திருப்பவர்கள் அதே கணக்கைக் கொண்டு கணினியிலும் நுழையலாம். நம் நாட்டு வழிமுறைகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டுள்ள ஒருபக்கச் சிகிச்சை வழிகாட்டிகள் செயலியாகவும் இணையதளமாகவும் கிடைக்கின்றன. 384 மருந்துகளைக் கொண்ட 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலைப் பி.டி.எஃப். கோப்பாகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம். குரோம், எட்ஜ் ஆகிய இரு உலாவிகளிலும் ஒரு தளத்தைச் செயலியைப் போல நிறுவிக்கொள்ளும் வசதி உண்டு. அப்படி நிறுவினால் அதற்கென ஒரு சின்னம் திரையின் அடிப்பட்டையில் வந்து அமர்ந்துவிடும். முகவரிப் பட்டை மறைந்து தனிச் சாளரமாகத் திறக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அதற்கும் செயலிக்கும் வேறுபாடு தெரியாது.

உலாவி வழியின் பெரிய நன்மை வேகமோ தோற்றமோ அன்று. திறக்கும் ஒவ்வொரு முறையும் அன்றைய நிலவரத்தில் உள்ள பக்கமே வருகிறது என்பதுதான். மருத்துவக் கையேட்டைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியவில்லை. இதன் அருமை எமுலேட்டரில் நான் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் புரிந்தது.

எமுலேட்டர் என்பது கணினிக்குள் ஒரு போலிக் கைப்பேசியை உருவாக்கும் மென்பொருள். ஆண்ட்ராய்டு முழுவதையும் விண்டோஸின் உள்ளே தனியே இயக்கி, அதற்குள் பிளே ஸ்டோரைத் திறந்து, கைப்பேசியில் நிறுவுவது போலவே செயலியை நிறுவ வைக்கிறது. புளூஸ்டாக்ஸ் இவற்றில் பலரும் அறிந்தது. அதன் ஐந்தாம் பதிப்புக்குக் குறைந்தது 4 ஜி.பி. ரேமும் 5 ஜி.பி. வட்டு இடமும் வேண்டும் என்று அந்நிறுவனம் சொல்கிறது. நன்றாக இயங்க 8 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி. வட்டும் பரிந்துரைக்கப்படுகின்றன. குறைந்தபட்சம் என்று சொல்லப்படுவதை நம்பி இறங்க வேண்டாம். 4 ஜி.பி. ரேம் உள்ள எங்கள் பழைய கணினியில் எமுலேட்டரைத் திறந்தால் மருந்துச் சீட்டு மென்பொருள் மூச்சுத் திணறியது. ரிச்சி தெருவில் இன்னொரு 4 ஜி.பி. வாங்கிச் செருகிய பிறகுதான் இரண்டும் ஒன்றாக நடமாடின. அதற்கும் முன்பு, கணினியைத் தொடங்கும்போது பயாஸ் திரைக்குள் சென்று, செயலகத்தின் (பிராசசரின்) மெய்நிகராக்க வசதியை, அதாவது ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓடவிடும் வசதியை, இயக்கிவிட வேண்டியிருந்தது. பல கணினிகளில் இவ்வசதி முடக்கப்பட்ட நிலையிலேயே வருவதால், "எமுலேட்டர் ஆமை வேகத்தில் ஓடுகிறது" என்ற புகார்களில் கணிசமானவற்றின் காரணம் இதுவாகவே இருக்கும். விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க வசதிகள் சில எமுலேட்டர்களோடு மோதுவதும் உண்டு.

மேலும், கைப்பேசிகளின் செயலகம் ஆர்ம் வகையைச் சேர்ந்தது. நம் மேசைக்கணினிகளில் இருப்பவை பெரும்பாலும் இன்டெல், ஏ.எம்.டி. வகை. ஆர்முக்கு மட்டும் தொகுக்கப்பட்ட பகுதிகள் ஒரு செயலியில் இருந்தால், எமுலேட்டர் அவற்றை ஓடும்போதே மொழிபெயர்த்தாக வேண்டும். படிப்பதற்கான செயலிகளில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் உள்ளடக்கத்தைப் பூட்டிவைத்து விற்கும் சந்தாச் செயலிகள் சில, தாம் நின்றுகொண்டிருப்பது உண்மையான கைப்பேசியில்தானா என்று கூகுளின் சோதனை வழியே விசாரித்து, இல்லை என்று தெரிந்தால் திறக்கவே மறுக்கக்கூடும். ஓராண்டுச் சந்தாவைக் கட்டிவிட்டு எமுலேட்டரில் நிறுவி ஏமாறுவதைவிட, இலவச முன்னோட்டக் காலத்திலேயே இதைச் சோதித்துவிடுவது விவேகம்.

விண்டோஸ் 11இலேயே ஆண்ட்ராய்டு செயலிகளை இயக்கும் வசதி இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: மைக்ரோசாஃப்ட் அந்த வசதியைக் கைவிடுவதாக 2024 மார்ச்சில் அறிவித்து, 2025 மார்ச் 5 அன்று அதற்கான ஆதரவை முடித்துக்கொண்டது. அதை நிறுவும் முறையைச் சொல்லும் பழைய காணொளிகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றைப் பின்பற்றிப் பொழுதை வீணாக்க வேண்டாம். கணினிக்கான கூகுள் பிளே கேம்ஸ், பெயரே சொல்வது போல விளையாட்டுகளுக்காக வந்தது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோடு வரும் எமுலேட்டரில் விளம்பரத் தொல்லை இல்லை, கூகுளே தருவது. ஆனால் அது மென்பொருள் எழுதுபவர்களுக்கான பட்டறை. ஒரு மருந்தின் டோஸைப் பார்ப்பதற்காக அதை நிறுவுவது, ஒரு டம்ளர் காபிக்காகக் கல்யாண சமையற்காரரை அழைப்பது போன்றது.

எமுலேட்டரை எங்கிருந்து பெறுகிறோம் என்பதும் கவனத்துக்குரியது. 2021 பிப்ரவரியில் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம், நாக்ஸ்பிளேயர் எமுலேட்டரின் புதுப்பிப்பு வழியையே யாரோ கைப்பற்றித் தீங்குநிரலை அனுப்பியிருந்ததை வெளிப்படுத்தியது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. ஆனால் அந்தச் சிலர் இருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. விளையாடுவதற்கான கணினியில் இத்தகைய இடர் ஒருவிதம், நோயாளிகளின் பதிவேடு இருக்கும் கணினியில் அதுவே வேறுவிதம். பிளே ஸ்டோரில் கிடைக்காத செயலியின் நிறுவல் கோப்பை (ஏபிகே) ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி எமுலேட்டரில் நிறுவும் பழக்கத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. கிளினிக் கணினியில் அதைச் செய்யக் கூடாது.

இவையெல்லாம் பணத்தாலும் பொறுமையாலும் தீரக்கூடிய சிக்கல்கள். எனக்கு நேர்ந்தது வேறு. எமுலேட்டரில் நான் நிறுவிய மருந்துக் கையேடு, தன் தரவுத்தளம் முழுவதையும் உள்ளே இறக்கி வைத்துக்கொண்டு, இணையமின்றியும் இயங்கும் வகையைச் சேர்ந்தது. கைப்பேசி இரவில் சார்ஜ் ஆகும்போது செயலிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. நாம் கவனிப்பதே இல்லை. எமுலேட்டரோ நாம் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மாலையில் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் கிளினிக்கில் அதற்குப் புதுப்பித்துக்கொள்ள ஏது பொழுது? ஒருநாள் குழந்தை மருத்துவர் தம் கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே மருந்தைத் தேடியபோது இரண்டு திரைகளும் வெவ்வேறு எச்சரிக்கையைக் காட்டின. அமைப்புகளுக்குள் சென்று பார்த்தால், கணினியில் இருந்த தரவுத்தளம் பதினான்கு மாதப் பழையது. அதுவரை அந்தத் திரையை நம்பித்தான் நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அச்சுப் புத்தகம் பழையதானால் அட்டையில் ஆண்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இந்தப் போலிக் கைப்பேசியோ, எவ்வளவு பழையதானாலும் நேற்று வாங்கியது போலவே பளபளக்கிறது.

இன்னொரு நுணுக்கமும் எமுலேட்டரால் வந்தது. கைப்பேசியில் நாம் செய்துவைத்த அமைப்புகள் எமுலேட்டருக்குத் தாமாக வருவதில்லை. அங்கே செயலி புதிதாகப் பிறக்கிறது. கிரியேட்டினினை நம் ஆய்வுக்கூடங்கள் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற அலகில் தருகின்றன. வேறு பல நாடுகளில் அது லிட்டருக்கு மைக்ரோமோல், நம்முடைய 1.5 அங்கே ஏறத்தாழ 133. எழுபது வயது, 60 கிலோ எடை, கிரியேட்டினின் 1.5 உள்ள ஓர் ஆணுக்கு காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரத்தின்படி கிளியரன்ஸ் நிமிடத்துக்குச் சுமார் 39 மில்லிலிட்டர் வரவேண்டும். அலகு மாறியிருப்பதைக் கவனிக்காமல் 1.5 என்றே தட்டினால் கணிப்பான் ஓர் அபத்தமான எண்ணைத் தரும். அபத்தம் பெரிதாக இருப்பதால் இங்கே பிடிபட்டுவிடும் என்பதே ஆறுதல்.

பிடிபடாத பிழைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. அவை எமுலேட்டருக்கு மட்டும் உரியவை அல்ல, அமெரிக்காவில் எழுதப்பட்ட எந்தக் கையேட்டையும் சென்னையில் பயன்படுத்தும்போது எழுபவை. கட்டுரையின் போக்கிலிருந்து சற்று விலகினாலும் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் பாரசிட்டமால் 180 மில்லிகிராம். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பாரசிட்டமால் திரவம் 5 மில்லிலிட்டருக்கு 160 மில்லிகிராம் என்று 2011 முதல் ஒரே செறிவுக்குக் கொண்டுவரப்பட்டது. எனவே அந்நாட்டுக் கணிப்பான் சுமார் 5.6 மில்லிலிட்டர் என்று காட்டும். நம் மருந்துக்கடைகளிலோ அதே 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் அருகருகே நிற்கின்றன. முதலாவதில் 7.5 மில்லிலிட்டர் தேவை, இரண்டாவதில் 3.6 போதும். 5.6 என்ற எண்ணை அப்படியே 250 சிரப்புக்கு எழுதிவிட்டால், குழந்தைக்குக் கிலோவுக்கு 23 மில்லிகிராம் போய்விடும். பெயர்களிலும் வேறுபாடு உண்டு. நம்முடைய சால்புட்டமால் அங்கே ஆல்புட்டரால், ரிஃபாம்பிசின் அங்கே ரிஃபாம்பின், கிளிபென்கிளமைடு அங்கே கிளைபுரைடு. நம் ஊரில் தாராளமாகப் புழங்கிய நிமெசுலைடு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதே இல்லை. பாம்புக்கடி என்று தேடினால் அக்கையேடுகள் முதலில் கிலுகிலுப்பைப் பாம்பைப் பற்றிப் பேசுகின்றன. 1978இல் தொடங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் கூட்டுறவுச் சங்கம் நஞ்செடுத்துத் தரும் நாகமும் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் வேறு உலகம். ஆகவே எந்த வழியில் திரைக்குக் கொண்டுவந்தாலும், அளவை மில்லிகிராமாகப் பார்த்துவிட்டு, மில்லிலிட்டர் கணக்கை நம் கடைப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு போடுவதே எங்கள் அறையின் வழக்கமாயிற்று.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். கைப்பேசியில் ஓடும் செயலியைக் கணினிக்குள் மறுபடி நிறுவாமல், கைப்பேசியின் திரையையே கணினித் திரையில் காட்டி, கணினியின் விசைப்பலகையாலும் மவுஸாலும் அதை இயக்குவது. இதற்கு நான் பயன்படுத்துவது எஸ்-சி-ஆர்-சி-பி-ஒய் என்று சில எழுத்துகளை உதிர்த்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதி, ஸ்கிரீன் காப்பி என்று உச்சரிக்கச் சொல்கிற கட்டற்ற மென்பொருள். விலை இல்லை, விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்வதும் இல்லை. ஆண்ட்ராய்டு 5 முதல் எல்லாக் கைப்பேசிகளிலும் இயங்குகிறது. கணினியின் ரேமைப் பெரிதாகத் தின்பதில்லை, ஏனென்றால் உழைப்பெல்லாம் கைப்பேசியில் நடக்கிறது, கணினி அதன் படத்தை மட்டுமே வாங்கிக் காட்டுகிறது. 4 ஜி.பி. ரேம் உள்ள கணினியிலேயே சுகமாக ஓடும். கணினியில் நகலெடுத்த மருந்துப் பெயரைக் கைப்பேசிச் செயலியின் தேடுபெட்டியில் ஒட்டலாம். கைப்பேசியின் சொந்தத் திரையை அணைத்து வைத்துவிட்டும் வேலை செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் பார்ப்பது கைப்பேசியில் உள்ள அதே செயலியை. தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் அதே தரவுத்தளத்தை. இரண்டு பிரதிகள் இருந்தால்தானே அவற்றில் ஒன்று பழையதாக முடியும்?

குறைகளும் உண்டு. கைப்பேசியின் அமைப்புகளில் பில்டு எண்ணை ஏழுமுறை தட்டி, உருவாக்குநர் பகுதியைத் திறந்து, யு.எஸ்.பி. டீபக்கிங் என்பதை இயக்கினால்தான் கம்பி இணைப்பு பேசும். அதை இயக்கியிருந்தால் சில வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கின்றன. அது பாதுகாப்பு நோக்கில் செய்யப்படும் நியாயமான மறுப்பு என்றாலும், தேநீர்க்கடையில் பணம் செலுத்த நிற்கும்போது எரிச்சலூட்டுகிறது. அதைவிடச் சங்கடமானது, நம் சொந்தக் கைப்பேசித் திரை அப்படியே பெரிய திரையில் விரிவது. நோயாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவின் செய்தியொன்று மேலிருந்து இறங்கி வந்தது எனக்கு ஒருமுறை நடந்தது. மென்பொருளின் 3.0 பதிப்பு முதல், கைப்பேசித் திரையைக் காட்டாமல், தனியே ஒரு மெய்நிகர் திரையைத் திறந்து அதில் ஒரு செயலியை மட்டும் ஓடவிடும் வசதி வந்திருக்கிறது. கட்டளை வரி எழுதக் கூச்சப்படாதவர்களுக்கு அது நல்ல தீர்வு. திரைப்பிடிப்பைத் தடைசெய்துள்ள செயலிகள் இந்த வழியில் கறுப்புத் திரையையே காட்டும் என்பதையும் முன்கூட்டிச் சோதித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸோடு வரும் ஃபோன் லிங்க், அழைப்புகளையும் செய்திகளையும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலிருந்து காட்டினாலும், செயலிகளைத் திறக்கும் வசதியைச் சாம்சங் உள்ளிட்ட குறிப்பிட்ட சில வகைகளுக்கே தருகிறது.

இந்தக் குறைகள் அனைத்துக்கும் எங்கள் அலமாரியிலேயே விடை கிடந்தது. மாற்றிவிட்டுப் போட்டுவைத்திருந்த பழைய கைப்பேசி ஒன்றை முழுவதும் அழித்து, சிம் இல்லாமல், வைஃபை மட்டும் கொடுத்து, கிளினிக்குக்கென ஒரு புதிய கூகுள் கணக்கில் கையேட்டுச் செயலிகளை மட்டும் நிறுவிக் கணினியோடு கம்பியில் இணைத்தோம். அதில் வங்கியும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். நாள் முழுவதும் சார்ஜிலேயே கிடக்கும் பழைய பேட்டரி, குளிரூட்டி இல்லாத அறையில் அக்னி நட்சத்திர வெயிலில் உப்பிவிடக்கூடும். இரவில் கம்பியைக் கழற்றுவதும், பின்மூடி பிதுங்கியிருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பதும் அவசியம். மிகப் பழைய ஆண்ட்ராய்டு ஆனால் புதிய செயலிப் பதிப்புகள் அதில் நிறுவப்படாமல் போகும். அப்போது எமுலேட்டரில் வந்த அதே பழமைப் பிணி இங்கேயும் வந்து சேரும்.

இணையம் இல்லாதபோது என்ன செய்வது என்பதே எமுலேட்டரை ஆதரிப்பவர்கள் முன்வைக்கும் வலுவான வாதம். உலாவி வழி இணையம் போனால் போய்விடும். எமுலேட்டருக்குள் இறக்கி வைத்த தரவுத்தளம் நிற்கும். காகிதத்தில் சரியான வாதம்தான். ஆனால் 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கங்களில் இணையம் மட்டுமா போயிற்று? மின்சாரமும் போயிற்று. எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்து மின்சாரம் வரும்வரை மேசைக்கணினி வெறும் பெட்டியாகவே இருந்தது; பவர் பேங்கில் சார்ஜ் ஏற்றிய கைப்பேசியும் அதில் இறக்கி வைத்திருந்த கையேடும்தான் கைகொடுத்தன. மின்சாரம் இருந்து இணையம் மட்டும் அறுபடுவது, மழைநீர் வடிகாலுக்கோ மெட்ரோவுக்கோ தோண்டும்போது ஃபைபர் கம்பி வெட்டுப்படும் நாள்களில். அத்தகைய மணி நேரங்களைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டே கடத்திவிடும். ஆகவே இணையமில்லா வசதியைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக மேசைக்கணினியில் எமுலேட்டரைச் சுமக்க வேண்டியதில்லை என்பது என் முடிவு.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020இன் இறுதியில் எம்1 சில்லோடு வந்தவை முதற்கொண்டு, ஆப்பிள் சில்லு கொண்ட மேக் கணினிகளில் ஐஃபோன், ஐபேட் செயலிகளை நேரடியாகவே நிறுவலாம், செயலியை எழுதியவர்கள் அனுமதித்திருந்தால். ஐஃபோன் திரையை மேக்கில் காட்டும் வசதியும் 2024இன் இயங்குதளத்தோடு வந்துவிட்டது. குரோம்புக் வைத்திருப்பவர்களுக்குப் பிளே ஸ்டோரே உள்ளே இருக்கிறது. ஆனால் பழைய கணினியில் குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ் நிறுவினால் ஆண்ட்ராய்டு செயலிகள் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதில் பிளே ஸ்டோர் கிடையாது. லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு, அதற்குள் ஆண்ட்ராய்டை ஓட்டும் வேடிராய்டு உண்டு. அவர்களுக்கு என் ஆலோசனை தேவைப்படாது.

கணினியையே விட்டுவிட்டு, ஒரு சிறிய டேப்லெட்டைத் தாங்கியில் நிறுத்தித் திரையின் பக்கத்தில் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. குழந்தை மருத்துவர் கடைசியில் தேர்ந்தெடுத்தது இதைத்தான். கம்பியும் கட்டளை வரியும் அவருக்கு ஒத்துவரவில்லை. எழுத்து பெரிதாகத் தெரிந்தது, புதுப்பிப்பு தானாக நடந்தது, மாலையில் பையில் போட்டுக்கொண்டு போனார். மருந்துப் பெயரைச் சீட்டு மென்பொருளுக்கு நகலெடுக்க முடியாது என்பது மட்டுமே குறை. "பேரை நகலெடுத்து ஒட்டறதைவிட, வாசிச்சு டைப் பண்ணினா ஒருதடவை யோசிக்கிறேன் சார்" என்று அவர் சொன்ன விளக்கத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

பலர் பகிர்ந்துகொள்ளும் கணினிக்கு இரண்டு செய்திகளைச் சேர்க்க வேண்டும். தனியொருவர் பெயரில் வாங்கிய சந்தாவை வார்டில் உள்ள பொதுக் கணினியில் எமுலேட்டர் வழியாகத் திறந்து வைத்து, பணிநேரம் மாறி வருபவர்கள் எல்லாம் பயன்படுத்துவது பெரும்பாலான உரிமங்களுக்குப் புறம்பானது. மருத்துவமனை நிறுவனச் சந்தாவே அங்கே பொருந்தும், அது பெரும்பாலும் உலாவி வழியாகத்தான் வரும். அடுத்தது, கணிப்பான்களில் நோயாளியின் பெயரைக் கேட்கும் கட்டங்கள் இருந்தால் அவற்றைக் காலியாக விட வேண்டும். வயதும் எடையும் கிரியேட்டினினும் போதும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, யாருடைய மேகக்கணினியில் போய்ச் சேருகிறது என்று தெரியாத இடத்தில் பெயரைத் தட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. பொதுக் கணினி இன்னும் விண்டோஸ் 10இல் இருந்தால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அதன் மேல் எமுலேட்டரையும் ஏற்றுவது ஓட்டைப் படகில் கூடுதல் சுமை.

ஆக, நான் வந்து சேர்ந்த வரிசை இது. நீங்கள் விரும்பும் கையேட்டுக்கு இணையதள வடிவம் இருந்தால் அதுவே போதும்; உலாவியில் நிறுவிக்கொண்டு மேற்கொண்டு யோசிக்காமல் வேலையைப் பார்க்கலாம். செயலியாக மட்டுமே கிடைக்கும் கையேடு என்றால், பழைய கைப்பேசியும் கம்பியும், அல்லது மனம் ஒப்பினால் டேப்லெட். கைப்பேசியே இல்லாமல் கணினியில் மட்டும் செயலி தேவைப்படும் அரிய நிலைகளில், உதாரணமாக விடுதி அறையில் மடிக்கணினியில் தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு, 8 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி. வட்டும் இருக்குமானால் எமுலேட்டர் தாராளமாகப் பொருந்தும். அங்கே தரவுத்தளம் சில மாதங்கள் பழையதானால் ஒரு மதிப்பெண் போகலாம், அவ்வளவுதான்.

எங்கள் அறையில் எமுலேட்டர் நீக்கப்பட்டுவிட்டது. கணினித் திரையின் கீழ்விளிம்பில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, கதவு திறந்ததும், பழைய கைப்பேசியில் உள்ள கையேடுகளின் தரவுத்தளத் தேதியைப் பார்த்து மருந்தாளுநர் அதில் பென்சிலால் குறிக்கிறார். சென்ற முறை அவர் குறித்த தேதிக்குப் பக்கத்தில் "பேட்டரி சரி" என்றும் எழுதியிருந்தார்.